முந்திக் கொடுப்பது யார்?



வீடும் காணியும் நீங்கலாக, நம் குடும்பங்கள் கைமாற்றும் பொருள்களுள் பெறுமதி கூடியது வாகனமே. பிள்ளையின் படிப்புக்காகவோ, வைத்தியச் செலவுக்காகவோ, கடனை அடைப்பதற்காகவோ, பல ஆண்டுகள் பேணி வைத்திருந்த காரையோ வானையோ விற்கும் நிலை எந்த வீட்டுக்கும் வரலாம். முன்னைய நாள்களில் இவ்விற்பனை பெரும்பாலும் ஊருக்குள்ளேயே முடிந்துவிடும். வாங்குபவரின் தகப்பனை விற்பவர் அறிவார். விற்பவரின் வாகனம் எந்த ஒழுங்கையில் எத்தனை முறை பழுதாகி நின்றது என்பதை வாங்குபவர் அறிவார். இன்றோ ஒரு விளம்பரம் போட்டதும் குருநாகலிலிருந்தும் மாத்தறையிலிருந்தும் அழைப்பு வருகின்றது. குரல் கேட்கின்றது, ஆள் யாரெனத் தெரிவதில்லை.

கைமாறும் தொகையும் சிறிதன்று. 2020ஆம் ஆண்டு நம் நாட்டில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை பெரிதும் ஏறியது. ஒரு சிறிய கார் கைமாறும்போது பல இலட்சம் ரூபா கைமாறுகின்றது. அது தவறிப்போனால் ஒரு குடும்பத்தின் பல ஆண்டு உழைப்பே தவறிப்போகும்.

இத்தகைய விற்பனையில் யாராலும் தட்டிக்கழிக்க முடியாத ஒரு கேள்வி உண்டு. முந்திக் கொடுப்பது யார்? விற்பவர் முதலில் வாகனத்தைக் கொடுத்தால், பணம் வராமற் போகலாம். வாங்குபவர் முதலில் பணத்தைக் கொடுத்தால், வாகனம் வராமற் போகலாம். யாராவது ஒருவர் முந்தியே ஆகவேண்டும். முந்துகின்றவர் மற்றவரின் மனச்சாட்சியை நம்பி நிற்கின்றார். ஆதலால் இது வியாபார நுணுக்கம் மட்டுமன்று, அறநெறி சார்ந்த கேள்வியுமாகும். அயலானை நான் எவ்வளவு நம்பக் கடமைப்பட்டிருக்கிறேன்? அவனிடம் உறுதி கேட்பது அவனை அவமதிப்பதாகுமா?

நல்லெண்ணமும் முன்னேற்பாடும்

இக்கேள்விக்கு நம்மிடையே இரண்டு விடைகள் வழங்குகின்றன. "ஆளைப் பார்த்தால் நல்லவர் போலத் தெரிகிறது, காசைப் பற்றித் துருவித் துருவிக் கேட்பது அழகல்ல" என்பது ஒன்று. "இந்தக் காலத்தில் எவனையும் நம்பக்கூடாது; எல்லோரும் கள்ளர்" என்பது மற்றது. முதலாவது விடையைச் சொன்னவர் பல வேளைகளில் ஏமாந்த பின் இரண்டாவதைச் சொல்லத் தொடங்குகிறார். இரண்டுமே பிழையானவை என்பது நமது கருத்து.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியல் தொகை நூலில் ஐயத்தைப் பற்றி ஆராய்கின்றார். போதிய ஆதாரமின்றி ஒருவனைத் தீயவன் என்று தீர்ப்பிடுவது அவனுக்குச் செய்யும் அநீதி. ஐயமான இடத்தில் அவனைப் பற்றி நல்லதையே கொள்ளவேண்டும் என்பது அவரது முடிவு. ஆனால் அதே இடத்தில் அவர் வேறொன்றையும் சேர்க்கின்றார். ஒரு தீமைக்கு மருந்து தேடும்போது, நடக்கக்கூடியவற்றுள் மோசமானதை மனத்திற் கொண்டு ஏற்பாடு செய்வது தகும் என்கின்றார். அப்படி எண்ணுவது யார்மீதும் கூறும் தீர்ப்பன்று. மருந்து தவறாமல் வேலை செய்வதற்கான முன்னேற்பாடு மட்டுமே.

இந்த வேறுபாட்டைப் பற்றிக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும். ஆளைப் பற்றி நல்லெண்ணம் கொள்ளுங்கள். அலுவலை மட்டும், மோசம் நடந்தாலும் தாங்கக்கூடியதாக அமைத்துக்கொள்ளுங்கள். இரவில் படலையைப் பூட்டுகிறவர் அயலவரை யெல்லாம் கள்ளரென்று தூற்றுவதில்லை. மீன் விற்ற காசை எண்ணி வாங்குகிற பெண், காசு கொடுத்தவரைப் பழிப்பதுமில்லை.

ஏமாற்று நடக்கும் வழிகள்

முன்னேற்பாடு செய்வதற்கு, மோசம் எவ்வழியாக வருகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். அவ்வழிகள் பலவெனத் தோன்றினாலும் அடிப்படை ஒன்றே: பணம் வந்துவிட்டது என்ற தோற்றத்தைப் பணம் வருமுன்னரே உண்டாக்குவது.

எளிதானது, போலிச் செய்தி. "உங்கள் கணக்கிற்குப் பணம் அனுப்பிவிட்டேன்" என்று கூறி, வங்கிச் சீட்டைப் போன்ற ஒரு படத்தைக் கைத்தொலைபேசிக்கு அனுப்புவார்கள். வங்கி அனுப்பியது போன்ற குறுஞ்செய்தியும் வரலாம். படமும் செய்தியும் யாரும் செய்யக்கூடியவை. பெரும்பாலும் இது வங்கி பூட்டிய பின், வெள்ளிக்கிழமை மாலையிலோ போயா தினத்துக்கு முதல்நாளோ நடைபெறும், விசாரித்தறிய வழியிராது. "லொறி வாசலில் நிற்கிறது, ஆட்கள் காத்திருக்கிறார்கள்" என்று அவசரப்படுத்துவார்கள். அவசரத்தையே அடையாளமாகக் கொள்ளுங்கள். நேர்மையான பணம் திங்கட்கிழமையும் நேர்மையான பணமே.

அடுத்தது காசோலை. காசோலை என்பது பணமன்று. பணம் தரும்படி வங்கிக்கு எழுதிய கட்டளை மட்டுமே. 2006ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் காசோலைகளின் படங்களை அனுப்பித் தீர்வு செய்யும் முறை வந்தபின், சாதாரணமாக அடுத்த வேலை நாளிலேயே முடிவு தெரிந்துவிடுகின்றது. ஆனால் வைப்புச் சீட்டில் வங்கி முத்திரை இருப்பது, காசோலை வைப்பிலிடப்பட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. பணம் கிடைத்ததற்கு அன்று. போதிய பணமில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது, 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் மீட்புச் சட்டத்தின்படி குற்றமாகும். எனினும் குற்றவாளி தண்டனை பெறுவதால் போன வாகனம் வாசலுக்குத் திரும்பி வருமென்பதில்லை.

மூன்றாவது, விலைக்கு மேலாக வரும் பணம். பிறநாடுகளில் இது பெரிதும் வழங்குகின்றது. பேசிய விலையைவிடக் கூடிய தொகைக்குக் காசோலை வரும். "மிகுதியை வாகனம் ஏற்ற வருபவருக்கு அனுப்பிவிடுங்கள்" என்று கேட்பார்கள். நீங்கள் அனுப்புவது உண்மையான பணம். உங்களுக்கு வந்ததோ சில நாள்களில் திரும்பிவிடும் காகிதம். கேட்காத பணம் வந்தால் மகிழ்வதற்கு முன் நின்று யோசியுங்கள்.

நான்காவது, எல்லாவற்றிலும் நுட்பமானது. இதில் விற்பவரும் நல்லவர், வாங்குபவரும் நல்லவர். இடையில் நிற்பவனே கள்வன். அவன் உங்கள் விளம்பரத்தைப் பார்த்து, அதே வாகனத்தைக் குறைந்த விலைக்குத் தன்னுடையதெனத் தானும் விளம்பரம் செய்கிறான். உங்களிடம், "என் மைத்துனர் வந்து பார்ப்பார், அவரோடு விலை பேசவேண்டாம், காசு நான் தருகிறேன்" என்கிறான். உண்மையில் வாங்க வந்தவரிடமோ, "வாகனம் என் உறவினர் வீட்டில் நிற்கிறது, அவரோடு காசுக் கதை கதைக்கவேண்டாம், இந்தக் கணக்கில் போடுங்கள்" என்கிறான். வாங்குபவர் பணத்தைக் கள்வனின் கணக்கில் இட்டுவிட்டு உங்கள் முற்றத்தில் நிற்கிறார். நீங்கள் அவரைக் கள்வன் என்கிறீர்கள். அவர் உங்களைக் கள்வன் என்கிறார். இரு நேர்மையான மனிதர் ஒருவரோடொருவர் வாய்திறந்து பேசாதிருந்ததே கள்வனுக்கு மூலதனமாயிற்று. ஆகவே, "அவரோடு விலை பேசவேண்டாம்" என்று யார் சொன்னாலும், அவ்விடத்திலேயே பேசிவிடுங்கள்.

ஒரே மேசையில், ஒரே வேளையில்

அப்படியாயின் முந்திக் கொடுப்பது யார்? கூடுமானவரை ஒருவரும் முந்தாதபடி அலுவலை ஒழுங்கு செய்வதே நேரிய விடை. இருவரும் ஒரே மேசையில், ஒரே வேளையில் கொடுத்து வாங்குவார்களாயின், ஒருவரின் தலையில் மட்டும் ஆபத்து விழாது.

அந்த மேசைக்கு ஏற்ற இடம் வங்கி. வேலை நாளொன்றின் காலையில், விற்பவருக்குக் கணக்குள்ள வங்கிக் கிளையில் இருவரும் சந்திக்கட்டும். ஒரு வங்கியிலிருந்து வேறொரு வங்கிக்கு உடனுக்குடன் பணம் செல்லும் முறை 2015ஆம் ஆண்டு முதல் இங்கு உண்டு. பெருந்தொகையானால் கைத்தொலைபேசி வழியாக அனுப்பக்கூடிய எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே வாங்குபவர் தமது வங்கியில் முன்கூட்டியே விசாரித்து வருவது நல்லது. காசாகவே தருவதானாலும் வங்கியிலேயே எண்ணி, அங்கேயே வைப்பிலிடுங்கள். போலி நோட்டுப் பயமும், காசுப் பையோடு பஸ்ஸில் திரும்பும் பயமும் இரண்டும் நீங்கும். பணம் உங்கள் கணக்கில் வந்திருப்பதை, உங்கள் சேமிப்புப் புத்தகத்திலோ உங்கள் வங்கி உத்தியோகத்தரிடமோ நீங்களே பாருங்கள்; வாங்குபவர் நீட்டும் தொலைபேசியிலன்று. அதன் பின்னரே படிவங்களில் கையொப்பமும், வாகனப் புத்தகமும், திறப்பும்.

ஒன்றை மறக்கவேண்டாம். பணம் பெறுவதற்கு உங்கள் கணக்கிலக்கமும் பெயரும் கிளையும் போதும். கைத்தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும், அவர் பணம் தருபவரல்லர், எடுப்பவர்.

முற்பணம் வாங்குவதாயின் அதற்கும் ஒரு துண்டு எழுதுங்கள். வாகன இலக்கம், சேசிஸ் இலக்கம், பேசிய முழு விலை, பெற்ற தொகை, மிகுதி கொடுபட வேண்டிய நாள், இருவரில் ஒருவர் பின்வாங்கினால் முற்பணத்துக்கு என்ன நேரும் என்பன அதில் இருக்கட்டும். இருவரின் அடையாள அட்டைப் பிரதிகளையும் மாற்றிக்கொள்ளுங்கள். பொய்யான விலையை எழுதவேண்டாம். பின்னர் ஒரு வழக்கு வந்தால் அந்தப் பொய் உங்களுக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.

லீசிங் கடன் முடியாத வாகனமாயின், பதிவுச் சான்றிதழில் நிதிக் கொம்பனியின் பெயரும் இருக்கும். அதை மறைத்து விற்பது வாங்குபவரை வஞ்சிப்பதாகும். இருவரும் அக்கொம்பனிக்கே சென்று, வாங்குபவரின் பணத்திலிருந்து கடன் மிகுதியை நேரே கட்டி, விடுவிப்புக் கடிதத்தைப் பெற்றபின் மீதியைத் தீர்த்துக்கொள்ளலாம்.

வாகனம் கொடுபட்ட நாளையும் மணியையும் எழுதி, இருவரும் ஒப்பமிடுங்கள். நம்மிடையே 'ஓப்பன் பேப்பர்' என்று ஒரு வழக்கம் உண்டு. பெயரும் திகதியும் இல்லாத படிவத்தில் விற்பவர் கையொப்பமிட்டுக் கொடுத்துவிடுவார். வாகனம் கை மாறி, மறுபடியும் கை மாறிப் போய்க்கொண்டிருக்கும். பதிவேட்டிலோ பழைய பெயரே நிற்கும். அந்த வாகனம் ஒருவரை மோதிவிட்டாலோ, களவுக்குப் பயன்பட்டாலோ, பொலிசார் முதலில் தேடி வருவது அந்தப் பெயருக்குரியவரின் வீட்டுக்கே. மோதுண்டவரின் குடும்பத்துக்கோ உண்மையான பொறுப்பாளி யாரென அறிவதே கடினமாகிவிடும். ஆகவே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குக் கைமாற்றத்தை உரிய காலத்தில் அறிவிப்பது நமது பாதுகாப்புக்கு மட்டுமன்று, வீதியில் செல்லும் முகமறியாத அயலானுக்கும் நாம் செலுத்தும் நீதி.

பிளந்த பத்திரம்

தொலைவிலுள்ள பணத்தைப் பற்றிய பழங்கதை ஒன்று திருமறையில் உண்டு. தோபித்து என்பவர் மேதியா நாட்டில் கபேல் என்பவரிடம் பத்துத் தாலந்து வெள்ளியை ஒப்படைத்து வைத்திருந்தார். ஒப்படைத்தபோது பத்திரம் எழுதி, அதை இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு பாதியாக வைத்துக்கொண்டார்கள். இருபது ஆண்டுகள் சென்றன. மகன் தோபியாவின் சார்பில் அப்பாதியைக் கொண்டு சென்ற துணைவர் அதைக் கொடுத்ததும், கபேல் முத்திரை குலையாத பைகளை எடுத்துவந்து எண்ணிக் கொடுத்தார். மறுநாள் காலையில் இருவரும் சேர்ந்து தோபியாவின் திருமண விருந்துக்குப் புறப்பட்டார்கள்.

கபேல் நாணயமானவர், தோபித்து அவரை நம்பியவர். நம்பிக்கை இருந்தும் பத்திரம் இருந்தது. பத்திரம் இருந்தும் அன்பு குறையவில்லை. அப்பத்திரத்தின் அமைப்பைக் கவனியுங்கள். முழுப் பத்திரமும் ஒருவர் கையில் இல்லை. பாதி அவரிடம், பாதி இவரிடம். கொடுத்தவரைக் காத்த அதே காகிதம், வேறு யாராவது வந்து பொய்யாகக் கேட்காதபடி வாங்கி வைத்திருந்தவரையும் காத்தது.

நாம் வலியுறுத்த விரும்புவது இதுவே. தலையான நற்பண்புகளுள் ஒன்றாகிய விவேகத்துக்கும், அதன் சாயலில் நடமாடும் தந்திரத்துக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு சிறிது. பிரித்தறிய ஓர் எளிய உரைகல் உண்டு: நான் கேட்கும் உறுதி என்னை மட்டும் காக்கிறதா, எதிரிலிருப்பவரையும் காக்கிறதா? "முழுக் காசையும் இன்றே அனுப்பிவிடு, வாகனத்தைப் பிறகு அனுப்புகிறேன்" என்பவர் ஆபத்தைத் தம் தோளிலிருந்து இறக்கி மற்றவர் தோளில் ஏற்றுகிறார். "வங்கிக்கு வாருங்கள், இருவரும் பார்த்துக்கொண்டே முடிப்போம்" என்பவர் இருவரின் பாரத்தையும் இறக்குகிறார். முன்னது தந்திரம், பின்னது விவேகம். தமக்கு வேண்டிய உறுதியை மற்றவருக்கும் மனமுவந்து கொடுப்பவரை யாரும் சந்தேகப் பிராணி என்று சொல்லமாட்டார்கள்.

ஒற்றைக்கண் குதிரை

பணம் பத்திரமாக வந்துவிட்டது. விற்பவரின் கடமை முடிந்ததா? இல்லை. வாங்கல் விற்றலில் நடக்கும் வஞ்சகத்தை ஆராயுமிடத்து அதே புனித தோமஸ் ஓர் ஒற்றைக்கண் குதிரையைக் காட்டுகிறார். குதிரைக்கு ஒரு கண் இல்லையென்பது பார்த்தவுடனே தெரியும். அதற்கேற்ப விலையைக் குறைத்தவர் அதை வாய்விட்டுச் சொல்லவேண்டுமென்பதில்லை. ஆனால் வாங்குபவருக்கு ஆபத்தையோ நட்டத்தையோ விளைக்கும் மறைவான குறையைச் சொல்லியே ஆகவேண்டும்.

தொலைவு இந்த நெறியை இன்னும் இறுக்குகின்றது. கண்ணுக்கு முன் நிற்கும் வாகனத்தில் வெளிப்படையாயிருக்கும் குறையும், நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் நான்கு படங்களை மட்டும் பார்ப்பவருக்கு மறைவான குறையே. துருப்பிடித்த அடித்தட்டு, விபத்தில் வளைந்து நிமிர்த்திய சட்டம், சூடேறும் எஞ்சின், பிடிக்கத் தவறும் பிரேக் இவையெல்லாம் அவருக்குத் தெரியாது. நீங்களே அவருடைய கண். பிரேக் குறையைச் சொல்லாமல் விற்பவர் காசை மட்டும் களவெடுக்கவில்லை, உயிரோடு விளையாடுகிறார். கள்ளக் காசோலை எழுதுபவனை ஏசுகிற நாம், கிலோமீற்றர் கணக்கைத் திருப்பிவைத்து விற்றால், அவனுக்கும் நமக்கும் வேறுபாடு என்ன? அவன் இல்லாத பணத்தைக் காட்டினான். நாம் இல்லாத தரத்தைக் காட்டினோம்.

முகத்தாட்சணியம்

நம்மவர் பலர் ஏமாறுவது அறியாமையால் மட்டுமன்று, முகத்தாட்சணியத்தாலுமாகும். "அவர் நம்ம ஆள்", "கோயிலுக்கு வருகிறவர்", "வெளிநாட்டிலிருக்கும் மச்சான் சொல்லி அனுப்பியவர்" என்று சொல்லி எழுத்தையும் எண்ணிக்கையையும் கைவிடுகிறோம். அதே வேளையில் வேறு மொழி பேசும் ஒருவர் வந்தால், காரணமின்றியே முகம் சுளிக்கிறோம். இரண்டும் ஒரே பிழையின் இரு பக்கங்கள். மொழியும் ஊரும் நாணயத்தின் அளவுகோல்களல்ல. மச்சானுக்கும் மாத்தறைக்காரருக்கும் ஒரே ஒழுங்கை வைத்துக்கொள்ளுங்கள். "எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இப்படித்தான்" என்று சொல்லக்கூடியதாயிருந்தால் ஒருவருக்கும் மனக்குறை வராது. மொழி தெரியாவிடின், இரு மொழியும் தெரிந்த, தரகுப் பணம் பெறாத ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, எழுதியதை இருவருக்கும் வாசித்துக் காட்டச் செய்யுங்கள்.

எல்லாக் கவனத்துக்குப் பின்னும் சிலர் ஏமாந்துவிடுகிறார்கள். அப்படி ஒருவர் நம் அயலில் இருந்தால், "இவ்வளவு படித்தும் ஏமாந்தாயே" என்று கேட்கவேண்டாம். வெட்கத்தால் அவர் வாய்மூடியிருக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் கள்வனுக்கு ஆதாயம். உடனே வங்கிக்கும் பொலிசுக்கும் அழைத்துச் செல்லுங்கள். சீட்டுகளையும் செய்திகளையும் அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். வீட்டிலுள்ளவர்களும் அவரைக் குற்றங்கூறாதிருப்பார்களாக. ஏமாற்றியவனின் பாவத்தை ஏமாந்தவர் சுமப்பது நீதியன்று.

வாசகர்களே, முகமறியாத இருவர் ஒருவரையொருவர் வஞ்சியாமல் கொடுத்து வாங்கிப் பிரிவது சிறிய காரியமாகத் தோன்றலாம். ஆனால் நம் நாட்டில் ஊர்களுக்கிடையே அறுந்துபோன நம்பிக்கை மேடைப் பேச்சுகளால் மட்டும் ஒட்டுவதில்லை. குருநாகலிலிருந்து வந்தவர், "யாழ்ப்பாணத்தில் ஒருவரிடம் வான் வாங்கினேன், சொன்ன குறைதான் இருந்தது, சொல்லாத குறை ஒன்றும் இருக்கவில்லை" என்று தன் ஊரில் சொல்லட்டும். நீங்களும் உங்கள் ஊரில், "சொன்ன நேரத்துக்கு வந்தார், சொன்ன காசைத் தந்தார்" என்று சொல்லுங்கள். எண்ணி வாங்குங்கள், எழுதி வையுங்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அப்போது முந்திக் கொடுப்பது யார் என்ற கேள்வி எழும்போது, உண்மையை முந்திக் கொடுத்தவர் நீங்களாக இருப்பீர்கள்.